நாலாம் இணைப்பில் உங்கள் கையெழுத்து

ஒருநாளும் பேர் சொல்லி நான் கூப்பிடாத என் துணைவருக்கு,

இஞ்சாருங்கோ. சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கமாட்டேன். நீங்கள் இருக்கும் இடத்தில் முழங்கால் நோவும் இல்லை, என் வாயும் இல்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் இரண்டாம் ஆண்டுத் திவசம் வருகிறது. கோயில் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "தெய்வமே, தீபமே எண்டு நாலு வரி குடுங்கோ அம்மா, காணும்" என்றாள் மகள் சுகந்தி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் புருஷனுக்கு எழுதுவதை ஊரார் எல்லாருக்கும் எழுதுகிற வரியில் எழுதமாட்டேன். ஒரு பக்கம் எனக்குக் காணாது. தம்பி குகன் வீட்டிலும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

எந்த வழக்கு என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பீர்கள், அந்த முகம் எனக்குத் தெரியும். என் கூடப்பிறந்த தம்பி குகன்மேல் நான் போட்ட வழக்கு. என் சீதன வீட்டை என்னைக் கேளாமல், ஊரில் அந்த வீட்டிலேயே இருக்கிற என் தங்கை வசந்தாவுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தானே, அந்த வழக்கு.

அது எப்படித் தெரியவந்தது என்பதையும் கேளுங்கள். உங்கள் முதலாம் ஆண்டு முடிந்த கையோடு, எனக்கும் வயது போகிறது, வீட்டைச் சுகந்தியின் பேருக்கு மாற்றிவிடுவோம் என்று நினைத்தேன். அம்மா எனக்குத் தந்தது, நான் மகளுக்குக் கொடுக்க வேண்டியது. எங்கள் வழக்கம் அதுதானே. யாழ்ப்பாணத்துக் காணிக் கந்தோரில் பதிவுப் பிரதி எடுத்துப் பார்த்தால், என் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வசந்தாவின் பேர் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் யார் என்ற இடத்தில், என் சார்பாக, குகன்.

என் சார்பில் கையெழுத்து வைக்கிற அற்றோணியைக் குகனுக்குக் கொடுத்தது நான்தான். அதை மறைக்கமாட்டேன். அவன் ஊருக்குப் போகிற நேரம், கூரையைத் திருத்த வேண்டும், எல்லைக் கல்லை அயலவன் நகர்த்தியிருக்கிறானா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தைத் தேடி டென்மார்க்குக்குக் கடிதம் போட முடியுமா? சுகந்தி அப்போதே சொன்னாள்: "அம்மா, என்ன எழுதியிருக்கெண்டு முழுக்க வாசிச்சுப்போட்டுப் போடுங்கோ." நான் சொன்னேன்: "அவன் என்ர தம்பியடி. நான் இடுப்பில தூக்கி வளத்தவன்."

அந்த நம்பிக்கை தம்பிமேல் வைத்தது மட்டுமில்லை. உங்கள்மேல் வைத்தது. எங்கள் யாழ்ப்பாணச் சட்டத்தில் ஒன்று இருக்கிறதே, கலியாணம் கட்டிய பெண் தன் சீதனக் காணியை யாருக்கு எழுதுவதென்றாலும் புருஷனும் எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்று. கலியாணம் கட்டிய புதிதில் அதைக் கேட்டு எனக்குப் பற்றி எரிந்தது. என் தாய் தந்த வீட்டுக்கு உங்கள் சம்மதம் எதற்கு என்று சண்டை பிடித்தேன். பிறகு வயது போகப்போக அதையே பூட்டு என்று நினைத்துக்கொண்டேன். குகனிடம் அற்றோணி இருந்தாலும் என்ன, இவர் கையெழுத்து வைக்காமல் வீடு அசையாது, இவர் வைக்கமாட்டார். அப்படி நினைத்துத்தான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

குகன் இக்காஸ்டில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன். அவனும் நானும் டென்மார்க்கில் இருக்கிறோம், இருவரிடமும் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது, வழக்கையும் இங்கேயே போடுவோம் என்று வக்கீலிடம் போனேன். வக்கீல் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. காணி இலங்கையில் இருக்கிறது, இங்கத்தைய நீதிமன்றம் எடுக்குமோ தெரியாது என்று முதல்நாளே சொன்னாள். அவள் சொன்னதும் எனக்கு அவள்மேல் சந்தேகம். குகனின் பெண்சாதி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இவளுடைய தாய் இருக்கிறாவோ என்று சுகந்தியைக் கேட்டேன். "அம்மா, ஸ்தொப் நூ" என்றாள். நிறுத்தட்டாம். இந்தப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும்.

வழக்கு நாளன்று சுகந்தி அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து முதல் ரயிலில் வந்தாள். நான் நீலச் சேலை உடுத்து, மேலே உங்கள் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நீதிமன்றம் என்றால் உயரத்தில் மேடை இருக்கும், கறுப்புச் சட்டை போட்டவர்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் பல் வைத்தியரின் அறைபோல ஒரு அறை. நடுவில் மேசை, தண்ணீர்ப் போத்தல், கண்ணாடிக் குவளைகள். நீதிபதி பின்னல் சட்டை போட்ட ஒரு மனிசி. என்னைப் பார்த்துச் சிரித்தா. வழக்கில் சிரிக்கிறவர்களை நம்பக்கூடாது.

சத்தியமும் செய்யவைக்கவில்லை, தெரியுமா? புத்தகத்தில் கை வை, கடவுள்மேல் ஆணையிடு என்று ஒன்றும் இல்லை. உண்மை சொல்ல வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். சத்தியம் செய்யாமல் குகன் உண்மை சொல்வானா என்று பக்கத்தில் இருந்த மொழிபெயர்க்கிற பெண்பிள்ளையைக் கேட்டேன்.

அந்தப் பிள்ளை கோல்டிங்கிலிருந்து வந்ததாம். நல்ல பிள்ளைபோலத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டு வைத்தேன்.

"பிள்ளை ஊரில எந்த இடம்?"

"அம்மா, நான் உங்களோட தனிக்கதை கதைக்கக் கூடாது."

"ஊரைச் சொல்லுறது தனிக்கதையோ? குகன் வீட்டுக்கு ஏதும் சொந்தமோ?"

"அம்மா, நீதிபதி கதைக்கிறா. கேளுங்கோ."

சொந்தமில்லை என்று அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

நீதிபதி கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வாசித்தா. முதலாம் இணைப்பு அற்றோணி. இரண்டாம் இணைப்பு நன்கொடை உறுதிப் பத்திரம். மூன்றாவது அதன் டேனிஷ் மொழிபெயர்ப்பு. அந்தப் பிள்ளை எனக்குத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "நாலாம் இணைப்பு, வழக்குப் போட்டவவின் காலஞ்சென்ற கணவருடைய சம்மதக் கடிதம்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையே சொன்னாள்.

வக்கீல் தன் மேசையில் இருந்த பிரதியை என் பக்கம் தள்ளினாள். இஞ்சாருங்கோ, நான் பேரைக்கூட வாசிக்கவில்லை. அடியில் இருந்ததைத்தான் பார்த்தேன். தமிழில் உங்கள் பேர். கடைசி எழுத்துக்குக் கீழே நீட்டி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிக் குத்து.

முப்பத்தெட்டு வருஷம் இந்த நாட்டில் எத்தனை கந்தோரில் உங்களோடு நின்றிருக்கிறேன். கொம்மூன் நகரசபைக் கந்தோரில் அந்த மீசைக்காரன் "இது கையெழுத்தா, சித்திரமா?" என்று கேட்டபோது, "என்ர பேர் இப்பிடித்தான்" என்று சொல்லி, அவன் பேனையை அவனிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். அவசரத்தில் இருந்தால் குத்து வைக்கமாட்டீர்கள். சுகந்தியின் பள்ளிக்கூடக் கடதாசிகளில் கோடு மட்டும்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு வைத்த கையெழுத்தில் கோடு புழுப்போல நெளிந்தது. நாலாம் இணைப்பில் கோடு நேராக இருந்தது. குத்து இரண்டும் இருந்தன. ஆறுதலாக இருந்து, அறிந்து, தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

நான் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் விளங்கியது. நீதிமன்றத்துக் கடதாசி எல்லாம் இப்போது கம்பியூட்டரில்தான் வரும். எனக்கு வருகிறதை அவள்தான் திறந்து வாசிக்கிறவள். என் இலக்கமும் கடவுச்சொல்லும் அவளிடம். ஐந்து கிழமைக்கு முன்பே அவள் இதைக் கண்டிருக்கிறாள். கண்டும் வாய் திறக்கவில்லை. மகள் தகப்பனைக் காத்தாளா, தாயைக் காத்தாளா? இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நீங்கள் தாங்கமாட்டீங்கள் எண்டு நினைச்சனான்" என்கிறாள். நான் எதைத் தாங்கவில்லை? உங்கள் வீட்டுச் சனத்தைத் தாங்கினேன். தையல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் நின்ற காலில் தாங்கினேன்.

பிறகு வக்கீல்மார் இருவரும் ஏதோ கதைத்தார்கள். நீதிபதி எழும்பிப் போய்த் திரும்பி வந்தா. வாசித்தா. "அவ்விஸ்ட்" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

"தோத்திட்டனோ?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன்.

"இல்லை அம்மா."

"அப்ப வெண்டிட்டனோ?"

"அதுவும் இல்லை."

"பின்னை என்ன பிள்ளை?"

"காணி இலங்கையில இருக்கிறபடியால் இந்த வழக்கை இஞ்ச பாக்கேலாதாம். தள்ளிப்போட்டினம். ஆர் சரி, ஆர் பிழை எண்டு அவை ஒண்டும் சொல்லேல்லை."

பார்த்தீர்களா? மாதக்கணக்காகக் காத்திருந்து, நீலச் சேலை உடுத்துப் போன எனக்குக் கிடைத்த தீர்ப்பு. உங்கள் கையெழுத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். அதைப்பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கிறது எங்கள் வேலையில்லை என்று மூடிவிட்டார்கள். இனி அந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது?

அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் குகன் நின்றான். மெலிந்திருக்கிறான். தலை முழுக்க வெள்ளை. பாவம் என்று ஒரு நிமிஷம் வந்தது, அதை விழுங்கிவிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ."

"உன்னோட எனக்குக் கதை இல்லை."

"அத்தான்தான் என்னைக் கூப்பிட்டவர். நானாக் கேக்கேல்லை."

"செத்தவர் எழும்பி வந்து சாட்சி சொல்லமாட்டார் எண்ட துணிவிலயோ கதைக்கிறாய்?"

"அவரின்ர கையெழுத்தைப் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தன். நீ பேனையைக் குடுத்திருப்பாய்."

"அக்காவுக்கு நான் சொல்லுறன், நீ வாய் திறக்காதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர் அக்கா. நீங்கள் கத்திக் கத்தி வழக்குப் போடேக்கையும் நான் திறக்கேல்லை. என்ர வக்கீல் இதைக் காட்டாட்டி விடமாட்டன் எண்டதாலதான் காட்டினது."

"சத்தியம் காக்கிற ஆள்! அக்காவின்ர வீட்டை வித்த வாய்."

"விக்கேல்லை. சின்னக்காவுக்குக் குடுத்தது."

சின்னக்கா. அவனுக்கு வசந்தா சின்னக்கா. அவள் பேரைக் கேட்டதும் நான் நடந்துவிட்டேன். வாசல்வரை அவன் பின்னால் வந்து, படி வழுக்கும், பார்த்துப் போங்கோ என்றான். அதிலும் ஏதும் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து நாலாம் இணைப்பின் பிரதியைக் குசினி மேசையில் வைத்தேன். அதில் ஒரு முத்திரை இருந்தது. இந்த நாட்டில் கையெழுத்தை அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு நீதிமன்றத்துக்குள்ளேயே இருக்கிறாராம். நான் வழக்குக்குப் போன அதே கட்டடத்தின் முத்திரை. எனக்கு முன்பே அந்தப் படியில் நீங்கள் ஏறியிருக்கிறீர்கள். முத்திரையில் திகதி இருந்தது. பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

எனக்குத் திகதி ஒன்றே போதும், உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நீங்கள் காருக்குக் குளிர்கால ரயர் கழற்றிக் கோடை ரயர் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ரயர் மாற்றுகிறதுக்குக் கலியாண வீட்டுக் கோட் எதற்கு என்று கேட்டேன். "குளிருது" என்றீர்கள். மத்தியானம் ஒன்றரைக்கு வந்தீர்கள். யன்னலால் பார்த்தேன், காரில் குளிர்கால ரயர் அப்படியே இருந்தது. "சனம் கூட, பிறகு வரச் சொன்னவன்" என்றீர்கள். நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பை அன்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். இரண்டாம் தரம் கேட்கிற ஆளா நீங்கள்? அன்றைக்கே மனதில் ஒரு முள் குத்தியது. ஏதோ வியாதியை மறைக்கிறீர்கள் என்று பயந்தேன். அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தீர்கள். பதினாலு மாதம் என் கையால் சாப்பிட்டீர்கள்.

ஏன் செய்தீர்கள்?

குகன் ஏமாற்றினானா? அப்படி நினைத்தால் எனக்கு இலகு. ஆனால் உங்களை ஏமாற்ற அவனுக்கு மூளை காணாது. வசந்தா அழுது கடிதம் எழுதினாளா? அவளுக்கு எழுத்து என்னைவிட நன்றாக வரும். அல்லது நான் எழுதவே கூசுகிற வேறு ஏதும் உண்டா? எங்கள் கலியாணப் பேச்சுக்கு நீங்கள் முதல்முதல் வந்தபோது தேத்தண்ணி கொண்டுவந்தவள் அவள்தான். நான் அடுப்படியில் நின்றேன். அவளைத்தான் பெண் என்று நினைத்தேன் என்று முதல் மாதத்தில் பகிடியாகச் சொன்னீர்கள். பகிடியா? நாற்பத்தாறு வருஷமாக அந்தப் பகிடியைச் சிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அவள்மேல் எனக்கு என்ன கோபம் என்று ஊருக்குத் தெரியாது, எழுதிவிடுகிறேன். நாங்கள் இங்கே வந்து மூன்றாம் வருஷம் அவளுடைய கலியாணப் படம் தபாலில் வந்தது. உறையைக் கிழித்துப் பார்த்தால் அவள் உடுத்திருக்கிறது என் கூறைச்சேலை. என் மணவறைச் சேலை. அம்மாவின் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு வந்தது. கேட்கவில்லை, சொல்லவில்லை, எடுத்து உடுத்திவிட்டாள். அன்று தொடக்கம் அவளோடு நான் கதைத்தது அம்மா, அப்பு செத்த நேரங்களில் மட்டும்தான். "புதுசு வாங்க அவையிட்ட வழி இருந்திருக்காது" என்றீர்கள் நீங்கள். அன்றைக்கே அவள் பக்கம்தான்.

நீங்கள் ஒருமுறை தனியாக ஊருக்குப் போய் மூன்று கிழமை அந்த வீட்டில் நின்றீர்கள். திரும்பி வந்து விமான நிலையத்திலிருந்து இக்காஸ்ட் வரும்வரை ஒரு கதையும் இல்லை. நான்தான் கேட்டேன், வீடு எப்படி என்று. "வசந்தா முன்னறையைப் பாவிக்கிறேல்லை. பின்பக்கம்தான் படுக்கிறவள். முன்னறை அக்காவின்ர எண்டு கூட்டித் துடைச்சுப் பூட்டி வைச்சிருக்கிறாள்" என்றீர்கள். எனக்கு அது புகழ்ச்சியாகக் கேட்டது. "அவளின்ர கதையை என்ர காருக்குள்ள கதைக்க வேண்டாம்" என்றேன். நீங்கள் வானொலியைப் போட்டீர்கள்.

பிறகும் நீங்கள் தொடங்கப் பார்த்த நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. மூன்று தரம். ஒருதரம் குசினியில், "வசந்தாவுக்கும் ஒரு வீடு..." என்று தொடங்கினீர்கள். நான் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். ஒருதரம் கோயிலால் வரும்போது. மூன்றாம் தரம் ஆஸ்பத்திரியில், தாதி தேத்தண்ணி வைத்துவிட்டுப் போன பிறகு. "வசந்தா..." என்றீர்கள். "செத்தாலும் அவளின்ர பேர்தானோ?" என்று கேட்டேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. குகன் சொன்னது பொய் என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லத்தான் இருந்தீர்கள் போலும். ஆனால் கையெழுத்து வைத்த பிறகு சொல்கிறது சொல்கிறதா? கேட்கிறது முதலில் வரவேண்டும். நான் மாட்டேன் என்று சொல்வேன் என்று தெரிந்துதானே கேளாமல் வைத்தீர்கள்? தெரிந்துதான் வைத்தீர்கள் என்றால் அது கள்ளம் இல்லையா?

மிச்சச் செய்தியைக் கேளுங்கள். இங்கே தள்ளினதை எதிர்த்து மேலே போவதென்றால் இரண்டு கிழமைக்குள் போக வேண்டும் என்றாள் வக்கீல். போனாலும் பயன் இல்லை, யாழ்ப்பாணத்தில் போடுங்கள் என்றாள். நானும் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வக்கீலின் இலக்கம் எடுத்து, போன ஞாயிறு மத்தியானம் சுகந்தியை வைத்துக்கொண்டு கதைத்தேன். போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாள். இளம் குரல். கெட்டிக்காரன். நாலாம் இணைப்பை முதலே அனுப்பியிருந்தோம்.

"அம்மா, வழக்கு நிக்கும்" என்றான். "ஆனா ஒரு விஷயம். ஐயாவின்ர சம்மதம் இருக்கிறவரைக்கும் உறுதியை உடைக்கேலாது. அது அவரின்ர கையெழுத்தே இல்லை எண்டு நீங்கள் சத்தியக்கடதாசி தரோணும்."

"அவரின்ர கையெழுத்துத்தானே."

"அது உங்களுக்குத் தெரியும் அம்மா. நீதிமன்றத்துக்குத் தெரியாது. அவரின்ர கையெழுத்தைத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச உயிரோட இருக்கிறதும் குறைவு. மனைவியே இல்லை எண்டு சொன்னால் அவை யோசிப்பினம்."

அவன் விடவில்லை.

"அது கஷ்டமெண்டால் இன்னொரு வழி. அந்த நேரம் ஐயாவுக்கு நினைவு தடுமாற்றம், மறதி கிறதி ஏதும் இருந்ததோ? மருந்துகள் எடுத்தவர்தானே? அப்பிடி எழுதலாம்."

"அவருக்கு மறதி இல்லைத் தம்பி" என்றேன். "கள்ளம்தான் இருந்தது."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். பிறகு பார்த்தால் கண்ணால் ஓடுகிறது.

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவன் வைத்துவிட்டான். யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருந்தது. நாலு நாள் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். இங்கத்தைய நீதிமன்றம் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. அங்கே சத்தியம் செய்யச் சொல்கிறார்கள், பொய்யாக. ஒரேயொரு கடதாசி. இவர் கையெழுத்து இது இல்லை என்று ஒரு வரி. வீடு திரும்பி வந்துவிடும். வசந்தா பின்னறையிலிருந்தும் எழும்ப வேண்டி வரும். நீங்கள் எனக்குச் சொல்லாமல் செய்ததை, உங்களுக்குச் சொல்லாமல் நான் திருப்பிச் செய்துவிடலாம். சரிக்குச் சரி. என் குணத்துக்கு அது எவ்வளவு இனிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

நாலாம் நாள் வெற்றுத் தாளில் அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். எழுதலாமா என்று பார்க்கத்தான். பக்கத்தில் இணைப்பை வைத்துக்கொண்டு எழுதினேன். "மேற்படி கையெழுத்து என் கணவருடையது அல்ல." எழுதி முடித்துவிட்டு உங்கள் கோட்டைப் பார்த்தேன், இரண்டு குத்தையும் பார்த்தேன். அந்தக் கையெழுத்துத்தான் எங்கள் அகதிக் கடதாசியில் இருக்கிறது. சுகந்தியின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது. எங்கள் கலியாணப் பதிவில் என் கோணல் எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது உங்களுடையது இல்லை என்றால் அவையும் யாருடையவை?

தாளைக் கிழித்தேன். சுகந்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன்: "இஞ்சத்தைய வக்கீலுக்கும் அங்கத்தைய வக்கீலுக்கும் எழுது. நான் ஒண்டுக்கும் போகேல்லை."

போனுக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளா, சந்தோஷப்படுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப அப்பாவை மன்னிச்சிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டாள். இந்தமுறை தமிழில்.

"ஆர் சொன்னது? பொய்ச் சத்தியம் செய்யமாட்டன் எண்டுதான் சொன்னனான். அதுவும் இதுவும் ஒண்டில்லை."

"குகன் மாமாவை?"

"அவனைப் பற்றிக் கதைக்காதை."

"சின்னம்மாவை?"

"போனை வை."

வசந்தா இதுவரை ஒரு சொல்லும் அனுப்பவில்லை. வழக்குப் போட்டபோதும் இல்லை, தள்ளினபோதும் இல்லை. குகன் அவளுக்கு உடனே சொல்லியிருப்பான். என்ன நினைத்துக்கொண்டு இருக்கிறாள்? வெற்றி என்று இருக்கிறாளா, வெட்கப்பட்டு இருக்கிறாளா, அல்லது நான் கதைக்க வேண்டும் என்று காத்திருக்கிறாளா? அவள் பேசாமல் இருந்தால் ஏதும் காரணம் இருக்கும். சின்னதிலிருந்து அப்படித்தான்.

இனி உங்களுக்கு. உங்கள் திவசத்துக்கு எல்லாம் செய்வேன். ஐயரைக் கேட்டாயிற்று. குகன் வந்தால் வாசலில் மறிக்கமாட்டேன். தேத்தண்ணி கொடுப்பேன். கதைக்கமாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், இந்த மலரை வாசிக்கிற எல்லாரும் சாட்சி. யார் கேட்டாலும், எந்தச் சபையில் கேட்டாலும், நாலாம் இணைப்பில் இருக்கிறது என் புருஷனுடைய கையெழுத்துத்தான், அறிவு தெளிவோடு வைத்த கையெழுத்துத்தான் என்று சொல்வேன். என் வீடு போனாலும் சொல்வேன். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் நானும் ஒருநாள் அங்கே வருவேன். வந்த உடனே உங்களைக் கும்பிடமாட்டேன், சுகம் கேட்கமாட்டேன். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அந்த ஒன்றைத்தான் கேட்பேன். குழாயைத் திறக்கமாட்டேன். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை, அவள் பேர் எத்தனை தரம் வந்தாலும், இருந்து கேட்பேன்.

உங்கள் கோபம் ஆறாத மனைவி,
சுகந்தியின் அம்மா,
இக்காஸ்ட்.